பேட்டரிக்குக் காவல்

டொக்.

அந்தச் சத்தம் அவ்வளவுதான். தேங்காய் மூடி ஒன்று கல்தரையில் கவிழ்ந்தாற்போல. அதற்குப் பிறகு எத்தனையோ மழையும் வெயிலும் அந்த மலைமேல் வந்து போய்விட்டன. ஆனாலும் கோமதிநாயகம் அமைதியாக உட்காரும்போதெல்லாம் முதலில் காதில் விழுவது அதுதான்.

அவர் கல்யாணச் சமையல்காரர். ஆயிரம் இலை விழும் பந்தியை அலட்டிக்கொள்ளாமல் முடித்துக் கை கழுவியவர். மனைவி போனபின் கரண்டியை வைத்துவிட்டு மடம் மடமாகப் போனார். இரண்டு இடங்களில், "உமக்கு அவசரம் ஜாஸ்தி" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவதாக வந்து சேர்ந்தது மலையடிவாரத்தில் இருந்த இந்தச் சிறிய ஆசிரமம்.

இங்கே குரு ஒரு பெண். மெய்யம்மை என்று பெயர். வயதில் கோமதிநாயகத்தைவிட மிகவும் சின்னவர். இவர் அவரை அம்மா என்பார். அவர் இவரை அண்ணாச்சி என்பார்.

வந்த அன்றே கேட்டுவிட்டார். "எனக்குத் தியானம் சொல்லிக் குடுங்கம்மா."

மெய்யம்மை அவரை வெளிப்பாறைக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு தகரப் பந்தலின் நிழலில் சார்ஜர் ஒன்று இருந்தது. அதில் செங்கல் அளவுக்கு ஒரு பேட்டரி. புதர் வெட்டும் மெஷினுடையது. சுற்றிலும் ஒரு சருகுகூட இல்லாமல் கூட்டி வைத்திருந்தது.

"பச்சை விளக்கு வர்ற வரைக்கும் இதுக்குப் பக்கத்துல இருங்க."

"கண்ணை மூடிக்கிட்டா?"

"திறந்துக்கிட்டு."

"மந்திரம்?"

"வேண்டாம். பார்த்துக்கிட்டிருந்தா போதும்."

"அதுபாட்டுக்கு ஏறப் போகுது. அதுக்கு எதுக்கும்மா ஆளு?"

"இங்க எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிச்சோம், அண்ணாச்சி."

அடுக்களையைப் பார்த்துக்கொள்ளும் வடிவம்மைக்குச் சிரிப்புத் தாளவில்லை. "பால் பொங்குறதுக்கு முன்னாடி பாயசத்தை இறக்குற மனுசன், பேட்டரிக்குக் காவல் இருக்காராக்கும்."

கோமதிநாயகம் காவல் இருந்தார். வேறு வழியில்லை.

குருபூசை நெருங்கியது. மெய்யம்மையின் குருவைப் பெரிய சாமி என்பார்கள். மலைமேல் அவர் குடிசை இருந்த இடத்தில்தான் சமாதி. அவர் சோதியில் கலந்துவிட்டார் என்று சுற்றுவட்டாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டது. அந்த நாளில் ஊர் கூடி மேலே ஏறும். ஆனால் வருஷம் முழுக்க ஆள் நடக்காத பாதையை உண்ணிச்செடியும் முள்ளும் மூடிவிடும்.

"பாதை திறக்கட்டும், அண்ணாச்சி. அன்னைக்கு அங்கேயே உங்களுக்குத் தீட்சை" என்றார் மெய்யம்மை.

கோமதிநாயகத்துக்கு உடம்பு சிலிர்த்தது. இரண்டு மடங்கள் கதவைச் சாத்திய பிறகு, மூன்றாவது கதவு மலையுச்சியில் இருக்கிறது. அதற்கும் தனக்கும் நடுவே வெறும் முள்தான்.

மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டார். அது ரீங்காரமிட்டதும் கையில் ஓர் அதிர்வு ஏறி நெஞ்சுவரை போயிற்று. உண்ணிச்செடியின் ஆரஞ்சுப் பூக்கள் பந்தியில் சிதறிய பூந்திபோல் தெறித்தன. கொடி அறுந்து, கிளை சரிந்து, வெளிச்சம் துண்டு துண்டாகப் பாதையில் இறங்கியது. மயில் ஒன்று கத்திக்கொண்டே எழும்பிப் பறந்தது. வளைவுக்கு வளைவு அவர் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். சார்ஜ் தீர்ந்தால் கீழே ஓடுவார். ஏற்றிக்கொண்டு மேலே ஓடுவார். குருபூசைக்கு முந்தைய நாள் காலையில் ஒரே ஒரு புதர்தான் மிச்சம். அதற்கு அப்பால் சமாதியின் கொடிக்கம்பம் தெரிந்தது.

அங்கே மெஷின் நின்றது.

பேட்டரியைக் கழற்றினார். சூடாக இருந்தது. கை வியர்த்திருந்தது. நழுவிவிட்டது.

டொக்.

எடுத்துப் பார்த்தார். கீறல் இல்லை, வெடிப்பு இல்லை. வேட்டியில் துடைத்துக்கொண்டு கீழே ஓடினார்.

மெய்யம்மை வாளியோடு பூச்செடிகளுக்கு நடுவே நின்றிருந்தார். "சூடா இருக்கா?"

"லேசா."

"ஆறுனப்புறம் போடுங்க."

கோமதிநாயகம் ஓலை விசிறியை எடுத்துவந்து பேட்டரிக்கு விசிறத் தொடங்கினார்.

"வீசுறது உங்க அவசரத்துக்கு, அண்ணாச்சி. அது தானா ஆறும்."

ஆறியது. சார்ஜரில் பொருத்தினார். சிவப்பு விளக்கு மினுங்கத் தொடங்கியது. வழக்கம்போல் எதிரே உட்கார்ந்தார்.

பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் திரும்ப வந்தது. யாரும் பார்க்கவில்லை. மேலே ஒரு கீறலும் இல்லை. இது ஏறி முடிந்தால் வெயில் சாய்வதற்குள் பாதை திறந்துவிடும். நாளைக்குத் தீட்சை. அவர் விளக்கையே பார்த்தார். விளக்கு மினுங்கியது. சத்தம் மறுபடி வந்தது.

வடிவம்மை ஒரு முறம் புளியும் அரிவாள்மணையுமாக வந்தார். நிழலாக இருக்கிறதென்று சார்ஜருக்குப் பக்கத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்தார்.

"அங்கிட்டுப் போய் உக்காரும்மா" என்றார் கோமதிநாயகம்.

"ஏன், உங்க தியானத்துக்கு இடைஞ்சலா?"

"போயேன்மா."

"நல்ல கதை. நான் எங்க உக்காந்தா உங்களுக்கென்ன?"

உள்ளுக்குள் அடிபட்டிருந்து தீப்பிடித்தால்? வடிவம்மையின் காலைப் பார்த்தார். பேட்டரியைப் பார்த்தார். சட்டென்று எழுந்து சார்ஜரின் பிளக்கைப் பிடுங்கினார்.

"என்ன, பாயசத்தை இறக்கியாச்சா?" என்றார் வடிவம்மை.

கோமதிநாயகம் நேரே மெய்யம்மையிடம் போனார்.

"அம்மா. பேட்டரி கீழ விழுந்துட்டு."

"எங்க?"

"மேல, பாறையில."

"அடி தெரியுதா?"

"தெரியல. ஆனா சத்தம் கேட்டுது."

மெய்யம்மை வாளியைக் கீழே வைத்தார். வேறொன்றும் கேட்கவில்லை. பேட்டரியைப் பதமாகக் கழற்றி எடுத்துக்கொண்டு, தண்ணீர் வற்றிய ஓடைக்குள் இறங்கி, செடியும் சருகும் இல்லாத நடுமணலில் அதை வைத்துவிட்டுத் தள்ளி வந்தார்.

"யாரும் கிட்டப் போக வேண்டாம். பூசை முடியட்டும், மெஷின் வாங்குன கடைக்காரர்கிட்ட கேட்டு என்ன செய்யணுமோ செய்வோம்."

"அப்போ பாதை?"

மெய்யம்மை கொட்டகைக்குள் போய் ஓர் அரிவாளைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்று கோமதிநாயகம் வெட்டிய வெட்டை அந்த மலை மறந்திருக்காது. முள் கிழித்த இடத்தில் வியர்வை பட்டு எரிந்தது. மணிக்கட்டு வீங்கியது. ஓர் அடி திறந்தால் மனசு ஒரு முழம் முன்னால் ஓடியது. கொடிக்கம்பம் பக்கத்தில் வருவதுபோலவே இருந்தது, வரவில்லை. இருட்டும்போது புதர் பாதிக்கு மேல் அப்படியே நின்றது.

இறங்கி வரும்போது ஓடையை எட்டிப் பார்த்தார். பேட்டரி மணலில் சும்மா கிடந்தது.

விடிந்ததும் பார்த்தார். அப்போதும் சும்மாதான் கிடந்தது.

ஊர் வந்துவிட்டது. மேளம், சங்கு, குழந்தைகளின் கூச்சல். மெய்யம்மை முன்னால் நடந்தார். புதருக்கு முன் வந்ததும் கோமதிநாயகம் தலைகுனிந்து நின்றார்.

"திறக்கலம்மா."

மெய்யம்மை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து, முள்ளுக்குள் நுழைந்தார். பின்னால் மேளக்காரர் மேளத்தைத் தலைமேல் தூக்கிக்கொண்டு நுழைந்தார். வடிவம்மை, "ஐயோ என் சேலை" என்றபடி நுழைந்தார். ஊரே குனிந்து நுழைந்தது. கீறல்களோடும் சிரிப்போடும் அந்தப் பக்கம் போய் நிமிர்ந்தது.

பூசை முடிந்தது. ஒவ்வொருவராக இறங்கத் தொடங்கினார்கள். கோமதிநாயகமும் திரும்பினார்.

"அண்ணாச்சி, இங்க வாங்க."

மெய்யம்மை அவர் நெற்றியில் திருநீறு பூசினார். காதருகே குனிந்து மந்திரத்தைச் சொன்னார். கல்யாண மேளம் கொட்டும்போதுகூட அடுப்பைவிட்டு நிமிராத அந்த மனிதர் தரையில் விழுந்து கும்பிட்டார்.

எழுந்ததும் கேட்டார்.

"பாதையைத் திறக்கலையேம்மா. எனக்கு ஏன்?"

மெய்யம்மை திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்தார்.

"அந்தப் பேட்டரிக்கும் ஒண்ணும் ஆகல. காலையில பார்த்தேன். நேத்து அதைப் போட்டிருந்தா எல்லாரும் நிமிர்ந்தே வந்திருக்கலாம்."

மெய்யம்மை நடந்து சமாதிக்குப் பின்பக்கம் போனார். கோமதிநாயகம் தொடர்ந்தார். பழைய குடிசையில் மிஞ்சியிருந்தது வாசற்படிக் கல் மட்டும். சுற்றியிருந்த பாறையெல்லாம் மழையில் வெளுத்திருக்க, அது மட்டும் கறுத்துக் கிடந்தது. பக்கத்தில் ஒரு முறிந்த மின்கம்பம்.

கோமதிநாயகம் கைகூப்பினார். "சாமி சோதியில கலந்தது இங்கதானாம்மா?"

"ஊர்ல அப்படிச் சொல்வாங்க" என்றார் மெய்யம்மை. "மறுநாள் அவரோட குருவுக்குப் பூசை. அதுக்குள்ள பாதையை வெட்டி முடிச்சிடணும்னு இருந்தாரு. சந்தோசம்னா சந்தோசம், உங்களை மாதிரிதான். பேட்டரி கைதவறிப் பாறையில விழுந்தது. அடி ஒண்ணும் தெரியல. சத்தம் எனக்கும் கேட்டுது. அவரு அதை வாசற்படியில சார்ஜ் போட்டுட்டு, உள்ள போய்ப் படுத்தாரு. குடிசைக்கு இந்த ஒரு வாசல்தான், அண்ணாச்சி."