தமுக்கு நிற்காத ஊர்

மலையடிவாரத்து வைத்தியசாலைக்கு அங்கயற்கண்ணி ஆசான். சீடர் நல்லசிவம் அவரைவிட மூத்தவர். தலை நரைத்த பிறகு படிக்க வந்தவர். மருந்து பூசுவதில் மட்டும் கை தாராளம்.

அன்று காரக் களிம்புச் சிமிழோடு வந்து நின்றார். அவர் மனைவி பூவாயியின் காலில் பல வருஷமாக ஒரு புண். இப்போது அதன் ஓரம் தடித்து வளர்ந்திருந்தது. சர்க்கரையும் ஏறியிருந்தது. நல்லசிவத்துக்குப் பயம்.

"அம்மா, இது எந்தக் கிருமி? இன்னும் காரமாப் பூசட்டுமா?"

"நேத்துப் பார்த்தேன். கிருமி இல்லை."

"பின்னே யார் அவளை இந்தப் பாடு படுத்துறது?"

ஆசான் அதை ஒரு கதையாகச் சொன்னார்.

"ஒரு ஊர்ல காட்டுப்பன்றி வந்தா தமுக்கு அடிப்பாங்க. உடனே வீட்டுக் கதவெல்லாம் சாத்தணும். ஆளுங்க தீப்பந்தத்தோட ஓடணும். அவங்களுக்காக முச்சந்தியில சோறும், வேலி கட்ட மூங்கிலும் வைப்பாங்க. எடுக்கிறவன் யாருன்னு கேட்கக் கூடாது."

"நல்ல வழக்கம்தானே."

"நல்ல வழக்கம்தான். ஒரு தடவை பன்றி போயிடுச்சு. காவல்காரன் தமுக்கை நிறுத்தலை."

"ஏன்?"

"ஊர் மேல பிரியம். திரும்ப வந்துடுமோன்னு பயம்."

நல்லசிவம் சிரித்துவிட்டார். "அப்புறம்?"

"கதவு திறக்கலை. நெல் வண்டியெல்லாம் தெருவுலயே நின்னுது. உள்ளே பசி, வெளியே நெல் புழுத்துது."

"ரத்தத்துல நிக்கிற சர்க்கரை," என்றார் நல்லசிவம் மெதுவாக.

"பந்தம் பட்டுப் பட்டு வீடுங்க கருகிச்சு. கருகின வீட்டுப் பிள்ளை ஒருத்தன் புத்தி கெட்டான். முச்சந்திச் சோத்தைத் தின்னான். மூங்கிலை எடுத்து நடுத்தெருவுல வீடு கட்டினான். காவலுக்கு வந்தவங்களே அவனுக்குப் பந்தம் பிடிச்சாங்க."

"வேலியே பயிரை மேய்ஞ்ச கதையால்ல இருக்கு! அந்தக் காவல்காரனைக் கட்டிவச்சு உதைக்க வேண்டாமா?"

ஆசான் நல்லசிவத்தின் கையிலிருந்த சிமிழைப் பார்த்தார்.

நல்லசிவமும் பார்த்தார். சீழ் வற்றிய பிறகும் விடாமல் புண்ணைச் சுரண்டிச் சுரண்டிப் பூசியது அந்தக் கைதான். அவருக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டார்.

"இதை நிறுத்திட்டா, புண் ஓரத்துல எழும்பியிருக்கிற அந்த வீடு போயிடுமா, அம்மா?"

"போகாது. அதை அறுத்துத்தான் எடுக்கணும். நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"அப்போ நிறுத்தி என்ன பிரயோஜனம்?"

ஆசான் சிமிழுக்காகக் கையை நீட்டினார்.

"அவனுக்குப் போற சோறு நிக்கும்."