கரைக்கு ஒரு நாவல் மரம்

தாமரைக் குளத்தின் மேல் பனி படர்ந்திருந்த ஒரு காலையில், நரி தன் நாவல் மரத்துக்குப் பங்கு விற்கத் தொடங்கியது. அது நகத்தால் கீறிக் கொடுக்கும் ஓர் இலை, ஒரு பங்கு. இலை வைத்திருப்பவருக்குப் பழுக்கும் காலத்தில் பழம்!

"கண்ணை மூடிக்கொள், அணிலே! என்ன தெரிகிறது?" என்றது நரி.

அணில் கண்ணை மூடியது. கருநீலப் பழங்கள் சத்தமே இல்லாமல் தண்ணீரில் விழுந்தன. குளமே இனித்தது.

"மரம் நன்றாக இருக்கிறதா, நரியாரே?"

"இரும்பு மாதிரி!"

அடைமழைக்காகக் குட்டிகளுக்குச் சேர்த்து வைத்திருந்த கொட்டைகளை எல்லாம் கொடுத்து, அணில் இலைகள் வாங்கியது. கனவில் மிதக்கும்போது கை காலியாவது யாருக்குத் தெரிகிறது?

மரத்தின் உள்ளே கரையான் அரித்துக்கொண்டிருந்தது. நரிக்கு அது முன்பே தெரியும். மூச்சு விடவில்லை. ஒரு நாள் மரங்கொத்தி வந்து கொத்தியது. உள்ளிருந்து பொலபொலவென்று மண் கொட்டியது. அதன் பிறகு நரியின் இலையைச் சீந்துவார் இல்லை.

அணில் காட்டு வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொல்லும் யானையிடம் ஓடியது. "என் கொட்டைகளைத் திருப்பித் தரச் சொல்லுங்கள், ஐயா! மழை வந்தால் என் பிள்ளைகள் பட்டினி கிடக்கும்!"

விசாரணை நாளன்றும் குளத்தில் பனி. நரி தனியாக வருமா? கணக்கில் புலி என்று பெயரெடுத்த கொக்காரைக் கூட்டி வந்தது. கூலி, கொழுத்த கெண்டை மீன்கள்!

கொக்கார் ஒற்றைக் காலில் நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பேசினார்.

"இலையின் விலை விழுந்தது உண்மை. ஆனால் காரணம் கரையான் அல்ல, வறட்சி! கோடை மழை பொய்த்தால் எல்லா மரத்து இலையும்தான் விலை இறங்கும். நரி என்ன செய்யும், பாவம்!"

குரல் தாலாட்டுப் போல நீண்டது. முயல்களுக்குக் கண் சொக்கியது. யானைகூடத் தலையை ஆட்டியது. அணில் கொக்கார் பக்கம் திரும்பியது.

"ஐயா, வறட்சியால் இறங்கியது எவ்வளவு, கரையானால் இறங்கியது எவ்வளவு என்று எப்படிப் பிரித்தீர்கள்?" என்று அது கேட்டேவிட்டது.

அடடா! தன் வித்தையைப் பற்றி யாராவது கேட்டால் போதும், கொக்காருக்குத் தலைகால் புரியாது. நரி வாலால் இடித்தது. அவர் கவனிக்கவே இல்லை.

"நல்ல கேள்வி! அதே வெயிலில் காய்ந்த, கரையான் இல்லாத இன்னொரு மரத்தைப் பார்க்க வேண்டும். அதன் இலை எவ்வளவு இறங்கியதோ, அதுதான் வறட்சியின் வேலை. மிச்சமெல்லாம் கரையானின் வேலை!"

அந்நேரம் பனி மெல்ல விலகியது. எதிர்க்கரையில், இதே போலக் கரடி பங்கு விற்கும் நாவல் மரம் தெரிந்தது. அதே வானம், அதே வெயில். அங்கே மான்களும் மயில்களும் இலை வாங்க இன்னும் நின்றுகொண்டிருந்தன.

"கரடியாரே! உங்கள் இலை எவ்வளவு இறங்கியது?" என்று யானை உரக்கக் கேட்டது.

"கொஞ்சம்தாங்க! பத்துக் கொட்டைக்கு வித்தது, இப்ப ஒன்பதுக்குப் போகுது!"

கொக்கார் தூக்கிய காலைக் கீழே வைத்தார்.

"பத்தில் ஒன்று வறட்சியோடு போனது. அதை அணில் தாங்கிக்கொள்ளட்டும். மிச்சம் ஒன்பதையும் நரி திருப்பித் தர வேண்டும். கொக்காரே, எல்லாம் நீங்கள் சொன்ன முறைதான்!" என்றது யானை.

அந்த அடைமழையில், மரப்பொந்துக்குள் குட்டிகள் கொட்டை கொறிக்கும் சத்தத்தைக் கேட்டபடியே அணில் நிம்மதியாகத் தூங்கியது. கொக்காரோ மீனும் இல்லாமல், கூப்பிடுவாரும் இல்லாமல், தண்ணீரில் தன் நிழலையே பார்த்துக்கொண்டு நனைந்தார்.

கூலிக்காகப் பொய்க்குத் துணை போனால், கற்ற வித்தையே ஒரு நாள் நமக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.