தலைப்பிரட்டைப் பொட்டு வைத்த வீடு

காதைக் கொடுங்கள், பெரியவர்களும்தான். முன்னொரு காலத்தில் பகைவர்கள் கொளுத்திய ஊர்களுக்குப் பதிலாக, ஒரு ராஜா தன் கோட்டைக்கு வெளியே புது வீடுகள் கட்டிக் கொடுத்தார். நல்ல மனசுதான், ரசனைதான் கிடையாது. எல்லாம் ஒரே அச்சு, ஒரே வெள்ளை.

அதில் ஒரு வீட்டில் வடிவும் அவள் சின்ன மகள் கோதையும் குடியிருந்தார்கள். வடிவின் கணவன் மலையப்பன் போருக்குப் போனவன். இந்த வீட்டை அவன் பார்த்ததே இல்லை. வந்தால் எந்தக் கதவைத் தட்டுவான்? அந்தக் கவலையில், வீட்டுக்குத் தன் கையாலேயே ஒரு முகம் கொடுப்பது என்று கிளம்பினாள்.

சந்தையில் ஒரு மந்திரவாதி தூரிகையை நீட்டினான். "சாயம் வாங்க வேண்டாம், உன் வீட்டிலேயே இருக்கு. சுவத்துல கறை மட்டும் படக் கூடாது." இனாமாக வருகிறதே என்று வாங்கிக்கொண்டாள், பாவி.

"கண்ணு படும், சுவத்துல ஒரு கரிப்பொட்டு வையி வடிவு" என்றாள் பக்கத்து வீட்டு மருதாயி. வடிவு கேட்கவில்லை. கோதையின் கன்னத்தில் அவள் மை வைத்தாலே கோணிக்கொண்டு வால் நீளும். "பொட்டு வைக்கச் சொன்னா தலைப்பிரட்டை வரைஞ்சிருக்கியே" என்று மலையப்பன் கேலி செய்வான். அழகான சுவரில் அந்தக் கண்றாவி எதற்கு?

கதவைத் தொட்டாள், சிவந்தது. வீடு அழகானது, கோதையின் உதடு வெளுத்தது.

தூணைத் தொட்டாள், கருங்கொடி படர்ந்தது. வீடு அழகானது, கோதையின் தலைமுடி நரைத்தது. ஏதோ நோய் என்று கஷாயம் கொடுத்தாள் வடிவு. தெருவே நின்று வீட்டை வாய்பிளந்து பார்த்த பெருமையில், தூரிகையைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

சுவரைத் தொட்டாள், ஒரு கிளி எழுந்தது. அது வாயைத் திறந்தது.

"அம்மா, பசிக்குது."

கோதையின் குரல். கோதையோ வாயை வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. வடிவு ஓடிப்போய் அரிவாளை எடுத்தாள். கிளியைச் சுரண்டினாள். சுவரில் கீறிய இடமெல்லாம் கோதையின் உடம்பில் ரத்தம் கசிந்தது.

வாசலில் மந்திரவாதி நின்றான். "உன் மக கண்ணு ஒண்ணுதான் பாக்கி. ஜன்னலுக்கு வச்சுடு. அப்புறம் வீடு எனக்கு."

"எம்புள்ள?"

"சுவத்துல இருப்பா. அழகா இருப்பா."

அவன் வேட்டியைத் தூசி படாமல் தூக்கிப் பிடித்திருந்ததை வடிவு பார்த்தாள். கறை என்றால் இவனுக்குப் பயம். நேரே அடுப்படிக்குப் போய்ச் சோற்றுப்பானையின் அடிக்கரியை வழித்து வந்தாள்.

"கரி வேண்டாம் தாயே, கெஞ்சிக் கேக்கறேன்" என்றான்.

வாசலுக்கு மேலே அப்பினாள், கோணலாக, வால் நீண்டு.

கதவு வெளுத்தது, கொடி உதிர்ந்தது, கிளி மறைந்தது. மந்திரவாதி நின்ற இடத்தில் ஒரு பிடி சுண்ணாம்பு கிடந்தது. கோதை "அம்மா" என்றாள். நெற்றியோரம் ஒரு கற்றை முடி மட்டும் கடைசிவரை கறுக்கவில்லை. தலை வாரும்போதெல்லாம் வடிவு அழுவாள்.

போர் முடிந்தது. பாதிப் பேர் திரும்பவில்லை. ஒரு சாயங்காலம் கோல் ஊன்றிய ஒருவன் அந்தத் தெருவில் நடந்தான். யார் வீட்டில் என்ன சாவோ என்று யாரையும் கேட்கப் பயம். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. ஒரு வாசலில் நிமிர்ந்து பார்த்தவன் சிரித்தான், அப்படியே உட்கார்ந்து அழுதான்.

"இந்தத் தலைப்பிரட்டையை வரைஞ்சவ உள்ள இருக்காளா?"

இருந்தாள், ஐயா. அடுப்படியில்தான் இருந்தாள்.