வாசலில் சொல்லும் பதில்

நகசே ஒரு சின்னத் தீவு. ஜப்பானின் மேற்குக் கடலில் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் கப்பல் வரும். அலை பெரிதானால் அதுவும் வராது.

அங்கே பிறந்த குரோய்வா பன்னிரண்டு வயதில் படிக்கப் போனார். தலை நரைத்த பிறகுதான் திரும்பி வந்தார். தீவின் பேச்சையும் கதைகளையும் எழுதி வைப்பது அவர் வேலை. ஊரார் அவரைச் சென்செய் என்று கூப்பிட்டார்கள். ஆசிரியர் என்று அர்த்தம்.

அவருக்கு ஒரே ஒரு சிஷ்யை. பெயர் மசாயோ. ஒசாகா நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவள். ஐம்பது தாண்டியதும் வேலையை விட்டுவிட்டு, ஒரு பெட்டியோடு கப்பலில் வந்து இறங்கினாள்.

"யார் என்ன சொன்னாலும் அப்படியே எழுதுவேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்" என்றாள்.

"அது போதும்" என்றார் குரோய்வா.

இருவரும் வயதானவர்களின் வீடுகளுக்குப் போவார்கள். குரோய்வா ஒலிப்பதிவுக் கருவியைச் சுழலவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார். மசாயோ அகராதிக்காக ஒவ்வொரு சொல்லையும் ஓர் அட்டையில் எழுதுவாள். இப்படியே இரண்டு குளிர்காலம் போயிற்று. ஒருநாள் அவள் கேட்டாள்.

"சென்செய், நீங்கள் தீவுப் பேச்சு பேசி நான் கேட்டதே இல்லையே?"

"யாரோடு பேச?"

"துறைமுகத்தில் பெரியவர்கள் இருக்கிறார்களே."

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "வாருங்கள்."

துறைமுகத்தில் நாலைந்து கிழவர்கள் வலையைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தமான பேச்சு. தீவுப் பேச்சு. யாரையோ கேலி செய்து ஒருவர் இருமும் அளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். குரோய்வா பக்கத்தில் வந்ததும் பேச்சு நின்றது. சிரித்தவர் வாயைத் துடைத்துக்கொண்டு, வானொலியில் செய்தி வாசிப்பவரைப் போலச் சொன்னார்.

"சென்செய், இன்று வெயில் அதிகமாக இருக்கிறது."

"ஆமாம், மிகவும் அதிகம்" என்றார் குரோய்வா. அதே வானொலிப் பேச்சு.

இருவரும் நடந்தார்கள். வளைவைத் தாண்டியதும் பின்னால் மறுபடி சிரிப்பு கேட்டது.

"கேட்டீர்களா?" என்றார் குரோய்வா.

கொஞ்ச தூரம் போன பிறகு அவரே சொன்னார்.

"வந்த புதிதில் பேசினேன். பன்னிரண்டு வயதில் போனவன் இல்லையா? என் வாயில் இருந்தது பையன்களின் பேச்சு. பெரிய மனிதன் எப்படிப் பேசுவான் என்று கற்றுக்கொள்ளும் வயதில் நான் இங்கே இல்லை. நரைத்த தலையோடு பையனைப் போலப் பேசினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. நான்தான் வாயை மூடிக்கொண்டு இந்தக் கருவியைக் கொண்டுவந்தேன். அதன்பிறகு அவர்களும் மூடிக்கொண்டார்கள்."

அந்த வருஷம் கோடையின் தொடக்கத்தில் கன்ஜி என்ற மீனவர் கடலில் போனார். படகு கிடைத்தது. உடல் கிடைக்கவில்லை.

அவர் மனைவி தோமிகோ ஒரு மத்தியானம் குரோய்வாவின் வீட்டுக்கு வந்தாள். ஹிரோஷிமாவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"போன் நாள் வருது சென்செய்" என்றாள்.

கோடையில் இறந்தவர்கள் வீடு திரும்பும் நாட்களைப் போன் என்பார்கள். ஜப்பான் முழுக்க அதற்கு விளக்கேற்றுவார்கள். நகசேயில் இன்னொன்றும் உண்டு. கடலில் போனவன் முதல் போனில் அந்தி நேரத்தில் தன் வீட்டு வாசலுக்கு வந்து, 'ஓன்டோ?' என்று கேட்பான். இருக்கிறாயா என்று பொருள். உள்ளேயிருந்து உறவுக்குத் தக்க பதில் வந்தால் நுழைவான். வராவிட்டால் தன் வீடு இதுவல்ல என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுவான். பிறகு அவனுக்குக் கரையே கிடையாது. செத்தவனுக்குக் குரல் இல்லாததால் அவனுக்காக வெளியே நின்று ஓர் ஆண் கூப்பிட வேண்டும்.

"எனக்கு நம்பிக்கை இருக்கான்னு கேக்காதீங்க. எனக்கே தெரியல. ஆனா ஒருவேளை வந்து நின்னுட்டுத் திரும்பிப் போயிட்டா? அத நெனச்சா சோறு எறங்கல."

"கூப்பிட யார் இருக்கிறார்கள்?" என்றார் குரோய்வா.

"யாருமில்ல. துறைமுகத்து ஆளுங்க அன்னைக்கு அவரோட கடலுக்குப் போயித் திரும்பி வந்தவங்க. என் மூஞ்சியப் பாக்கவே அவங்களால முடியல. நீங்கதான் கூப்பிடணும்."

குரோய்வா ஒலிப்பதிவுக் கருவியின் பக்கம் பார்த்தார்.

"பதிலையும் நீங்கதான் சொல்லிக் குடுக்கணும். முப்பது வருஷம் இங்க இருந்தும் எனக்கு அந்தப் பேச்சு வரல. கத்துக் குடுன்னா, உனக்கு எதுக்கு இந்த முரட்டுப் பேச்சுன்னுடுவாரு. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவரு வலை சிக்கும்போது திட்டுற வார்த்தைங்கதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று.

"பொண்டாட்டி புருஷனுக்குச் சொல்ற பதில் ஒண்ணு இருக்குமில்ல. அத எழுதிக் குடுங்க. நான் பாடம் பண்ணிக்கிறேன்."

"தேடிப் பார்க்கிறேன்" என்றார் குரோய்வா.

அவள் போனதும் இருவரும் அட்டைகளைப் புரட்டினார்கள். அம்மா மகனுக்குச் சொல்லும் பதில் இருந்தது. வீட்டு எஜமானர் வேலையாளுக்குச் சொல்வது இருந்தது. அக்கா தம்பிக்குச் சொல்வதும் இருந்தது. மனைவி சொல்வது மட்டும் இல்லை.

ஒலிநாடாக்களைப் போட்டுக் கேட்டார்கள். ஒன்றில் ஷிகே என்ற பாட்டியின் குரல் இருந்தது. கடலில் புருஷனை இழந்து அந்தப் பதிலைச் சொன்னவர்களில் கடைசியாக இருந்த அவள் போன பனிக்காலத்தில் இறந்துவிட்டாள். நாடாவில் குரோய்வா கேட்கிறார்: "மனைவியானால் எப்படிச் சொல்வாள்?"

ஷிகே வெட்கப்பட்டுச் சிரிக்கிறாள். "அத உங்கிட்ட எப்படிச் சொல்றது? நீ என்ன எம் புருஷனா?"

அதோடு நாடா ஓடிக்கொண்டே இருந்தது. காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

மசாயோ மற்ற பதில்களை வரிசையாக வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினாள்.

"சென்செய், மற்றதெல்லாம் இப்படி மாறுகிறதென்றால், மனைவி சொல்வது இப்படித்தான் வர வேண்டும். இலக்கணப்படி சரியா?"

குரோய்வா படித்தார். "சரிதான்."

"அப்படியானால் இதைக் கொடுத்துவிடலாமே?"

"இதை யார் சொல்லிக் கேட்டீர்கள்?"

"யாரும் சொல்லவில்லை. நானாக..."

"சாட்சி சொல்லாததை நீதிமன்றத்தில் எழுதுவீர்களா?"

மசாயோ காகிதத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டாள்.

போனுக்கு முதல் நாள் குரோய்வா தோமிகோவின் வீட்டுக்குப் போனார். மசாயோவும் கூடப் போனாள்.

"எனக்குத் தெரியவில்லை" என்றார்.

தோமிகோ அவரையே பார்த்தாள். "தெரியலன்னா?"

"அந்தப் பதிலை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர்கள் இப்போது இல்லை."

"அப்புறம் இத்தன வருஷம் வீடு வீடாப் போயி என்னத்த எழுதுனீங்க?"

குரோய்வா தலையைக் குனிந்து வணங்கினார். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரும்பி வரும்போது மசாயோ கேட்டாள். "இனி நாளைக்குப் போக வேண்டியதில்லை, இல்லையா?"

அவர் நடையை எட்டிப் போட்டார்.

மறுநாள் அந்தியில் அவர் சுத்தமான உடை உடுத்திக்கொண்டு கிளம்பினார். கருவியை எடுக்கவில்லை. மசாயோ பின்னாலேயே போனாள். தோமிகோவின் வாசலில் காகித விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே தாழ்ந்த மேஜையில் சோறும் சுட்ட மீனும் ஒரு கிண்ணம் சாக்கே மதுவும் இருந்தன. தோமிகோவைக் காணவில்லை.

சந்தின் முனையில் துறைமுகத்துக் கிழவர்கள் நின்றிருந்தார்கள். அதற்கு மேல் வரவும் மாட்டாமல், போகவும் மாட்டாமல் நின்றார்கள்.

குரோய்வா வாசலுக்கு எதிரே நின்று வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார். ஒருமுறை கிழவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு கூப்பிட்டார்.

"ஓன்டோயி!"

பெரியவர்கள் 'ஓன்டோ' என்பார்கள். விளையாடக் கூப்பிடும் பையன்கள்தான் அதை அப்படி இழுப்பார்கள். எழுபதை நெருங்கும் மனிதர் அப்படிக் கூப்பிட்டார். யாரும் சிரிக்கவில்லை.

உள்ளே எதுவும் கேட்கவில்லை.

மறுபடி கூப்பிட்டார். விளக்கைச் சுற்றி ஒரு பூச்சி பறந்துகொண்டிருந்தது. கிழவர்களில் ஒருவர் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

குரோய்வா கால்களை ஊன்றிக்கொண்டு, சந்து முழுக்கக் கேட்கும்படி இன்னொரு தரம் கூப்பிட்டார்.

அடுப்படியில் பாத்திரம் ஒன்று விழுந்தது. அதன் பின்னால் குரல் வந்தது.

"எங்கய்யா போயிருந்த இம்புட்டு நேரம்? மீனு ஆறிப்போச்சு. எத்தன தரம்தான் சுட வைக்கிறது? கால கழுவிட்டு உள்ள வா!"

அது ஹிரோஷிமாப் பேச்சு.

கிழவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

வாசலில் ஒரு வாளித் தண்ணீர் இருந்தது. குரோய்வா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைக் கழுவினார். உள்ளே போனார். கூப்பிட்டவன் செத்தவனுடைய இடத்தில் உட்கார்ந்து, அவனுக்கு வைத்ததைச் சாப்பிட வேண்டும் என்பது வழக்கம். அவர் சாப்பிட்டார். தோமிகோ எதிரே உட்கார்ந்து மீனில் முள் எடுத்து அவர் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தாள். அவரைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை குரோய்வா அட்டைப் பெட்டியைத் திறந்து, எழுதாத அட்டை ஒன்றை எடுத்து மசாயோவின் முன்னால் வைத்தார்.

"வாசலில் மனைவி சொல்லும் பதில். எழுதிக்கொள்ளுங்கள்."

தோமிகோ சொன்னதை ஓர் எழுத்து விடாமல் சொன்னார். பாத்திரம் விழுந்ததைக்கூட விடவில்லை. மசாயோ எழுதினாள். எழுதி முடித்துப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"சென்செய், இது தீவுப் பேச்சு அகராதி."

"ஆமாம்."

"இது ஹிரோஷிமாப் பேச்சு. அந்த அம்மாவும் ஹிரோஷிமாக்காரர்தான்."

"ஆமாம்."

"பிறகு எப்படி இதை இந்தப் பெட்டியில் போடுவது?"

"அவள் யாரை உள்ளே கூப்பிட்டாள்?"

"கன்ஜியை."

"அவன் எந்த ஊர்க்காரன்?"

"இந்த ஊர்தான்."

"அவனுக்குப் புரியாமலா போயிருக்கும்?" என்றார் குரோய்வா.