கிழக்கே பார்த்த வளை

பூங்காவனம் என்ற முள்ளம்பன்றிக்குப் பேறுகாலம் நெருங்கிவிட்டது. மழைக்காலமும் நெருங்கிவிட்டது. அவள் குடியிருந்ததோ குளத்தோரப் பள்ளத்தில். தூறல் போட்டாலே வளைக்குள் தண்ணீர் ஏறிவிடும்.

"என்னங்க, பிள்ளை பிறக்கறதுக்குள்ள மேட்டுல ஒரு வளை வாங்குங்க" என்று புருஷனிடம் சொல்லிச் சொல்லி அவள் வாய் வலித்ததுதான் மிச்சம்.

புருஷன் வடமலை தேடாமல் இல்லை. காடெல்லாம் சுற்றினான். ஒரு வளையின் வாசல் தெற்கே பார்த்திருக்கிறது என்று வேண்டாம் என்றான். இன்னொன்றில் கால் வைக்கும்போது பல்லி கத்தியதாம். அதுவும் போயிற்று. கடைசியில் ஒருநாள் துள்ளிக்கொண்டு வந்தான்.

"அமைஞ்சிடுச்சு பூங்காவனம்! பாறை மேட்டுல பெருச்சாளி பொன்னுரங்கத்தோட வளை! கிழக்கே பார்த்த வாசல்! நாம சேர்த்து வச்ச கிழங்கு மொத்தத்தையும் கொடுத்தா போதும்னுட்டான்!"

"மொத்தத்தையுமா? சரி, பொன்னுரங்கத்தோட கூடப் பிறந்தவங்க யாரு?"

"ஒரே அக்கா, அஞ்சலைன்னு. கட்டிக்கொடுத்து அக்கரைக்குப் போயாச்சு. அதுக்கு இங்க என்ன பங்கு?"

பூங்காவனத்துக்கு முள்ளெல்லாம் சிலிர்த்தது. அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வளை கைமாறினால், அதை ஆண்டு அனுபவிக்க உரிமையுள்ள அத்தனை பேரும் வந்து, வாசலில் ஈரக் களிமண்ணில் கால் பதிக்க வேண்டும். ஆமை பக்கத்தில் நின்று சாட்சி பார்க்கும். கட்டிக்கொடுத்த பெண்ணானாலும் அவள் கால் விழவேண்டும். விழாவிட்டால் வளை கைமாறியதாக யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

"அந்த அக்காவை வரச்சொல்லுங்க. ஆமையையும் கூப்பிடுங்க. அப்புறம் கிழங்கைக் கொடுக்கலாம்."

"அடப் போடி! ஆமை அக்கரைக்குப் போய்க் கூட்டிக்கிட்டு வர்றதுக்குள்ள நல்ல நேரம் போயிடும்! பொன்னுரங்கம் எவ்வளவு தங்கமானவன் தெரியுமா? அவன்கிட்டப் போய் உங்க அக்கா எங்கேன்னு கேட்டா என்ன நினைப்பான்? எனக்கு வெட்கமா இருக்கு!"

"கேட்க வெட்கமா? கிழங்கு போனா என்ன செய்வீங்க?"

"நல்ல காரியம் நடக்கும்போது அபசகுனமா பேசாதே!"

என்ன சொல்லி என்ன? நல்ல நேரம் தப்பாமல் பொன்னுரங்கம் மட்டும் களிமண்ணில் கால் பதித்தான். வடமலை கிழங்கை அள்ளிக் கொடுத்தான். அன்றே குடிபோனார்கள். வாசலில் நின்று சூரியனைப் பார்த்து வடமலை கும்பிட்ட கும்பிடு இருக்கிறதே! பூங்காவனம் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தாள்.

மழை பிடித்துக்கொண்டது. அக்கரை முழுக்க வெள்ளம். நனைந்த குஞ்சு குளுவான்களோடு ஒரு பெருச்சாளி வாசலில் வந்து நின்றாள்.

"யாரு நீங்க? எங்க அப்பா தோண்டின வளையில உங்களுக்கு என்ன வேலை?"

அஞ்சலைதான்.

"உன் தம்பிகிட்ட வாங்கினோம்மா!" என்றான் வடமலை.

"அவன் என்னைக் கேட்டானா? நான் கால் வச்சேனா?"

ஆமை வந்தது. களிமண்ணைக் குனிந்து பார்த்தது. "ஒரு காலடிதான் இருக்கு. இந்த விற்பனை செல்லாது" என்றது.

"கிழங்கு?"

"கிழங்கை வாங்கிக்கிட்டவன்கிட்ட கேளு."

பொன்னுரங்கத்தை எங்கே போய்க் கேட்பது? கிழங்கைச் சுருட்டிக்கொண்டு அவன் என்றோ காட்டைவிட்டே போயிருந்தான்.

"ஆனா வாசல் கிழக்கே பார்த்து..." என்று இழுத்தான் வடமலை.

"வாயைத் திறந்தீங்கன்னா தெரியும் சேதி!" பூங்காவனத்துக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "ஒரு வார்த்தை கேட்கச் சொன்னேனே! ஒரே ஒரு வார்த்தை! இந்த மழையில பிள்ளையை எங்க போட்டு வளர்ப்பேன்?"

அஞ்சலை அவள் வயிற்றைப் பார்த்தாள். அவளும் பிள்ளை பெற்றவள்தானே. "உன்மேல தப்பில்லை. அந்த மூலையில பெத்துக்கோ. ஆனா மழை விட்டதும் கிளம்பிடணும்" என்றாள்.

இரவல் மூலையில் பிள்ளை பிறந்தது. மழை விட்டது. முள் கூடச் சரியாக இறுகாத பிள்ளையை அணைத்துக்கொண்டு, தின்ன ஒரு கிழங்கில்லாமல் பூங்காவனம் வெளியே வந்தாள்.

கொஞ்ச தூரத்தில் ஒரு காலி வளை தெரிந்தது. வடமலை முன்னால் ஓடினான். வாசலில் நின்று, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று அண்ணாந்து பார்த்தான்.

"எந்தப் பக்கம் பார்த்தா என்னங்க?" என்றாள் பூங்காவனம். "நம்மள வெளிய அனுப்ப எந்த வாசலும் போதும். முதல்ல இது யாரோட வளைன்னு நாலு பேர்கிட்ட கேட்டுட்டு வாங்க!"

வீடு வாங்குகிறவர் வாசல் எந்தத் திசை என்று பார்ப்பதற்கு முன், அதில் யார் யாருக்கு உரிமை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்க வெட்கப்படுகிறவர் கொடுத்ததையும் இழப்பார், குடியிருந்த இடத்தையும் இழப்பார்.