அரசன் திறந்த காடிச் சாடி

குழந்தைகளே கேளுங்கள், குழந்தைகளைப் பெற்றவர்களும் கொஞ்சம் கேளுங்கள்! ஊருக்கு ஊர் ஒரு ராஜா இருந்த காலத்தில், கொன்றைநாட்டை வேலரையன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் எதையாவது மூடி வைத்துவிட்டால் போதும், திறந்து பார்க்கும்வரை அவனுக்குச் சோறு இறங்காது.

அவனை இருமல் பிடித்துக்கொண்டது. அந்த நாட்டில் தீர்ப்பை அரசன் தன் வாயால் சொன்னால்தான் செல்லும். இவனோ வாயைத் திறந்தாலே இருமினான். வழக்குகள் அப்படியே நின்றன.

அல்லிக்கோதை என்ற வைத்தியச்சி வந்தாள். துளசி, தூதுவளை, ஆடாதொடை மூன்றையும் நறுக்கி மண்சாடியில் போட்டாள். பனங்கள்ளைப் புளிக்கவைத்து எடுத்த காடியை இலை மூழ்க ஊற்றி, சாடியின் வாயைத் துணியால் கட்டினாள்.

"இலையின் சாரம் காடியில் இறங்கட்டும், அரசே. பௌர்ணமியன்று வடிகட்டி, தேன் கலந்து தருகிறேன். அதுவரை யாரும் திறக்கக் கூடாது."

"திறந்தால்?"

"கெட்டுப்போகும்."

அவள் போனதும் அரசனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உள்ளே இலை என்னதான் செய்கிறது? ஒருநாள் திறந்து கண்ணால் பார்த்தான். இன்னொரு நாள் திறந்து மூக்கால் முகர்ந்தான். பிறகொரு நாள் திறந்து நாக்கில் வைத்தான். அப்பப்பா, என்ன புளிப்பு! குறையட்டுமென்று ஒரு செம்பு தண்ணீரையும் ஊற்றிவிட்டான்.

பௌர்ணமியன்று சபையில் சாடியைத் திறந்தார்கள். மேலெல்லாம் பூசணம்.

"அரசருக்கே கெட்ட மருந்தா! இவளை நாடு கடத்த வேண்டும்" என்றார் அமைச்சர்.

"நான் போட்டது சுத்தமான காடி, அரசே. எப்படிக் கெட்டதென்று எனக்குத் தெரியவில்லை" என்றாள் அல்லிக்கோதை.

எல்லோரும் அரசனைப் பார்த்தார்கள். "இவளை..." என்று தொடங்கினான், இருமினான். மறுபடி "இவளை..." என்றான், இருமினான். நோயா, நெஞ்சு உறுத்தியதா, யார் கண்டார்? மூன்றாம் முறை எழுந்து நின்றான்.

"இவளை விடுங்கள். திறந்தவன் நான். தண்ணீர் ஊற்றியவனும் நான்தான்."

அத்தனையையும் இருமாமல் சொல்லி முடித்தான்.

அல்லிக்கோதை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் இரண்டு சாடிகளோடு வந்தாள்.

"ஒன்று நீங்கள் குடிக்க, அரசே. மற்றது திறந்து திறந்து பார்க்க."

அறியும் ஆசையால் தவறு நேரலாம், ஆனால் அந்தத் தவறைப் பிறர் தலையில் கட்டாதவனே நல்லவன்.