மறுமுனையில் நின்றவர்

ஒரு விடுகதை. இங்கிலாந்தில் ஒருவர் கவுண்டி அணிக்காக மட்டையோடு களமிறங்கினார். அவரை யாரும் அவுட்டாக்கவில்லை. அவர் ஒரு ரன்னும் எடுக்கவில்லை. ஒரு பந்தைக்கூடத் தவறவிடவும் இல்லை. அது எப்படி?

குன்னூர்ப் பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் சொல்லித்தந்த பென்லி சார், தேநீர் இடைவேளையில் போஜனிடம் போட்ட விடுகதை இது. போஜனுக்கு எரிச்சலாக இருந்தது. அவன் கேட்க வந்ததே வேறு.

அவன் நாற்பத்தெட்டு ரன் எடுத்திருந்தான். ஐம்பது அடித்தவனைத்தான் ஜில்லா அணித் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள். இந்த வருஷத்துக்கு இதுதான் கடைசி ஆட்டம். ஒன்பது பேர் அவுட். மிச்சம் ஜெரோம் ஒருவன்தான். அவன் அவுட்டானால் எல்லாம் முடிந்தது. அதனால் ஜெரோம் பக்கம் பந்தே போகாமல் பார்த்துக்கொண்டான் போஜன். ஒற்றை ரன் கிடைத்தபோதெல்லாம் கையைக் காட்டி அவனை நிறுத்தினான். ஓவரின் கடைசிப் பந்தில் மட்டும் ஓடினான்.

"மச்சான், காலுல கட்டுன இந்த பேடு சும்மாத்தானே இருக்கு? கழட்டி உனக்குத் தலைகாணி போட்டுடவா?" என்று ஜெரோம் சிரித்தான். அப்புறம் டீயைக்கூடத் தொடாமல் தனியாகப் போய், வெறும் காற்றில் மட்டையை வீசிக்கொண்டிருந்தான்.

"நான் செய்றது சரியா தப்பா சார்?" என்று போஜன் கேட்டான்.

"விடுகதைக்கு விடை?"

"தெரியல சார்."

"அவருக்குப் பந்தே வரவில்லை. அவர் நான்தான்."

போஜன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"கடைசி ஆளாக இறங்கினேன். மறுமுனையில் எங்கள் கேப்டன், தொண்ணூறைத் தாண்டியிருந்தார். நீ ஆடுகிற மாதிரியேதான் ஆடினார்."

"நூறு அடிச்சாரா?"

"அடித்தார். முதலில் கை கொடுத்தது நான்தான். அடுத்த பந்தில் அவர் அவுட். பிறகு பிடித்த மழை, ஆட்டம் முடியும்வரை விடவில்லை."

"அடுத்த மேட்ச்?"

"நான் யாருக்குப் பதிலாக ஆடினேனோ, அந்தக் காயம்பட்டிருந்த ஆள் குணமாகி வந்துவிட்டார். அப்புறம் என்னைக் கூப்பிடவே இல்லை."

"அப்ப கேப்டன் செஞ்சது தப்பா?"

"தப்பா? எனக்கு மட்டை பிடிக்கவே வராது. அது ஊருக்கே தெரியும்."

"பின்னே எதுக்கு சார் இதைச் சொல்றீங்க?"

பென்லி சார் ஆளில்லாத மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்போதும் கனவில் ஒரு பவுலர் வருகிறார், போஜா. நான் மட்டையை ஊன்றிக் காத்திருக்கிறேன். அவர் ஓடி வந்துகொண்டே இருக்கிறார்."

மணி அடித்தது. எல்லோரும் களத்துக்குத் திரும்பினார்கள்.

ஓவரின் இரண்டாவது பந்தை போஜன் இடப்பக்கம் தட்டினான். ஒரு ரன்னுக்குத்தான் இடமிருந்தது. ஜெரோம் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"வாடா" என்று சொல்லிவிட்டு போஜன் ஓடினான்.